ஊர் எல்லையில் நிற்கும் புலிகுத்திக் கல்லைச் சாதாரண போனில் ஸ்கேன் செய்யலாமா?

கோத்தகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய ஊருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், ஒரு புலிகுத்திக் கல் நிற்கிறது; புலியோடு போராடிய வீரனின் நினைவாக அவன் உருவத்தைச் செதுக்கி நட்ட கல். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் தடவி மாலை போடுகிறார்கள். பாசி ஏறி, வீரனின் முகம் மழுங்கிக்கொண்டே வருகிறது. அவர் கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். "லைடார் இருக்கிற ஐபோனைக் கடன் வாங்கியாவது ஸ்கேன் பண்ணணுமா, இல்ல இந்தப் போனே போதுமா அண்ணா? ஸ்கேன் பண்ணிட்டா கல்லைக் காப்பாத்தின மாதிரி ஆயிடுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் போனே போதும். கடன் எதுவும் வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆகாது. ஸ்கேன் கல்லைக் காப்பாற்றாது. ஆனால் கல்லில் எந்த இடம், எத்தனை ஆண்டில், எவ்வளவு தேய்ந்தது என்பதை அது எண்ணாகச் சொல்லும். அந்த எண் கையில் இருந்தால்தான் மேலே ஒரு கூரை போடச் சொல்லி ஊர்ப் பெரியவர்களிடமோ தொல்லியல் துறையிடமோ போய் நிற்க முடியும். "தேயுதுங்க" என்று வாயால் சொல்வதை யாரும் கோப்பில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே நீங்கள் எடுப்பதைப் பத்தாண்டு கழித்து வேறொருவர், வேறொரு கருவியில் எடுத்ததோடு வைத்து அளக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அது பாதுகாப்புப் பணி. முடியாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும், அது வெறும் படம். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

லைடார் பற்றி முதலில். ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் உணரி அது. ஆப்பிள் அதை 2020-இல் ஐபேட் ப்ரோவிலும், பிறகு ஐபோன் 12 ப்ரோவிலும் வைத்தது. அறையின் நீள அகலம் அளக்கவும், மேசையின் மேல் ஒரு மெய்நிகர் பொருளைச் சரியாக உட்கார வைக்கவும் செய்த கருவி அது. அதன் பிழை சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை போகும். உங்கள் கல்லில் வீரனின் குறுவாள் எவ்வளவு மேடாக இருக்கும்? இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். லைடாரில் எடுத்தால் தேய்ந்துபோன சோப்புக் கட்டி போல ஒன்றுதான் கிடைக்கும். கல்திட்டை (கல் பலகைகளால் கட்டிய பழைய ஈமச்சின்னம்) ஒன்றின் மொத்த அமைப்பையோ, மண்டபத்தின் தரைப்படத்தையோ விரைவாக எடுக்க லைடார் நல்லது. சிற்பத்தின் மேற்பரப்புக்கு அது பயன்படாது.

உங்களுக்கு வேண்டியது போட்டோகிராமெட்ரி. ஒரே பரப்பைப் பல கோணங்களிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த சாதாரணப் புகைப்படங்களிலிருந்து, மென்பொருள் அந்தப் பரப்பின் முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடும் முறை. அந்த வடிவத்தைத்தான் கீழே மாதிரி என்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 1999-இல் ஃபிளாரன்சில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளியில் ஸ்கேன் செய்தபோது, அதற்கென்றே கட்டிய பெரிய லேசர் கருவியும் ஒரு பெரிய குழுவும் தேவைப்பட்டன. ஓர் ஆள் உயரம் இல்லாத கல்லில் அந்த அளவு நுணுக்கத்தை நெருங்க இன்று ஒரு போனும் பொறுமையும் போதும்.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கத்தில் 4000 புள்ளிகள். கல் முழுவதும் ஒரே படத்தில் அடங்கும்படி தள்ளி நின்று, படத்தின் நீளம் கல்லில் 1 மீட்டரை மூடினால், ஒரு புள்ளி 0.25 மில்லிமீட்டர். ஆழத்தில் பிழை அதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் ஆழச் செதுக்கலுக்கு அது போதாது. அதனால் நெருங்குங்கள். போனின் முதன்மை லென்ஸில் சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் படம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரை மூடும். ஒரு புள்ளி 0.1 மில்லிமீட்டர். இந்தத் தூரத்தில் போன் கேமராவுக்கு ஒரு வசதி உண்டு. அதன் சென்சார் சிறியது என்பதால் மேடும் பள்ளமும் சேர்ந்தே கூர்மையாக விழும். விலை உயர்ந்த பெரிய கேமராவில் அதற்காக மெனக்கெட வேண்டியிருக்கும். இப்படி நெருங்கி எடுப்பதற்கு நாம் கொடுக்கும் விலை, ஒரு மீட்டர் உயரக் கல்லின் முன்பக்கத்துக்கு மட்டும் நூறு படத்துக்கு மேல் ஆகும் என்பதுதான். அவசரப்பட்டு முப்பது படத்தில் முடித்தால் முழு வேலையும் வீண்.

வெளிச்சத்தில் நம் மலைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. சமவெளியில் இந்த வேலை செய்பவர்கள் வெயிலோடு மல்லுக்கட்டுகிறார்கள். கடும் நிழல் விழுந்தால் நிழலின் ஓரத்தையே மென்பொருள் ஒரு விளிம்பாக எண்ணிக்கொள்ளும். காலையில் தொடங்கிய வேலை முடிவதற்குள் அந்த நிழலும் நகர்ந்திருக்கும். நமக்கோ மூடுபனியும் வெள்ளை மேகமும் எந்தப் பக்கமும் நிழல் விழாத ஒளியைச் சும்மா தருகின்றன. மேகம் வெள்ளையாக மூடியிருக்கும் காலைப் பொழுதுதான் உங்கள் நேரம். ஆனால் கல் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கல் பளபளக்கும், நிறம் கறுக்கும். பளபளப்பு நாம் நகர நகர இடம் மாறும், மென்பொருள் குழம்பும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் இதைத் தொடவே வேண்டாம். தை பிறந்து, பனி காய்ந்த பிறகு போங்கள். பையிலிருந்து எடுத்த போனின் லென்ஸில் மூச்சுக் காற்று படிந்தாலும் படம் மங்கிவிடும். ஒரு பருத்தித் துணி சட்டைப் பையில் இருக்கட்டும்.

நம் ஊர்க் கல்லில் இன்னொரு சிக்கல். நீலகிரியின் பெரும்பகுதி சார்னகைட் பாறை. கறுத்த, கடினமான, படிகத் துகள் நிறைந்த கல். புதிதாக உடைந்த இடத்தில் துகள்கள் மினுங்கும். அதனால்தான் போனின் ஃப்ளாஷை அறவே அணைத்துவிடுங்கள் என்கிறேன். ஃப்ளாஷ் உங்களோடு சேர்ந்து நகரும், மினுக்கமும் சேர்ந்து நகரும்.

எடுக்கும் முறை. ஓப்பன் கேமரா போன்ற இலவசச் செயலியைப் போட்டு, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். முடிந்தால் ராவ் வடிவத்தில், அதாவது சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பாக, எடுங்கள். எச்டிஆர், நைட் மோட், அழகூட்டும் வசதி, ஏஐ என்ற பெயரில் போன் கம்பெனி சேர்த்திருக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைய போன்கள் படத்தை எடுத்துக் கொடுப்பதோடு நிற்பதில்லை; இல்லாத கூர்மையைத் தாங்களே வரைந்து சேர்க்கின்றன. கல்லின் சொரசொரப்பு எப்படி இருக்கும் என்று ஊகித்து நிரப்பிய ஒரு படத்திலிருந்து தேய்மானத்தை அளக்க நினைப்பது பொய்யை அளப்பதாகிவிடும். ஜூம் செய்யாதீர்கள்; அகலக் கோண லென்ஸுக்கும் மாறாதீர்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரே லென்ஸ்.

ஒரே இடத்தில் நின்றுகொண்டு போனைத் திருப்பித் திருப்பி எடுத்தால் ஆழம் கிடைக்காது. கால் நகர வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் முக்கால் பங்கையாவது திரும்பக் காட்ட வேண்டும். கல்லுக்கு நேராக நின்று வரிசை வரிசையாக எடுத்து முடித்ததும், இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் கீழிருந்தும் சாய்ந்த கோணத்தில் ஒரு சுற்று எடுங்கள். பலர் இந்தச் சாய்ந்த சுற்றை விட்டுவிடுகிறார்கள். விட்டால் தட்டையான கல்லும் நடுவில் உப்பியதாகவோ குழிந்ததாகவோ மாதிரியில் வந்து நிற்கும். கண்ணுக்கு அது தெரியாது, அளக்கும்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் அசையாமல் நின்று எடுங்கள். நடந்துகொண்டே வீடியோ எடுத்துப் பிறகு படமாகப் பிரிக்கும் வழி வேகமானதுதான், ஆனால் போனின் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் நடையில் எடுத்த ஒவ்வொரு படமும் கொஞ்சம் கோணலாகவே இருக்கும்.

அளவுகோல் இல்லாத மாதிரிக்கு மதிப்பே இல்லை. படத்திலிருந்து மட்டும் கணக்கிட்ட கல் ஓர் அடியா, ஆறடியா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் நான்கு வாங்குங்கள். கல்லின் நான்கு புறமும், கல்லைத் தொடாமல், மண்ணில் ஊன்றியோ பக்கத்தில் சாத்தியோ வையுங்கள். சில படங்களில் அவை தெளிவாக விழட்டும். இரண்டைக் கொண்டு அளவு கொடுங்கள். மீதி இரண்டை மாதிரியில் அளந்து பாருங்கள். அவையும் 30 சென்டிமீட்டர் என்றே வந்தால் உங்கள் வேலை சரி. காகிதத்தில் அச்சிட்ட அளவுகோல் நம் ஈரக் காற்றில் ஊதி நீளும். மில்லிமீட்டரைத் தேடிப் போகும் இடத்தில் அதை நம்ப முடியாது.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் பகுதி. கல்லை ஒரே நாளில் இரண்டு முறை முழுமையாக எடுங்கள். முதல் தொகுதி முடிந்ததும் ஸ்கேல்களை எடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் மறுபடி வைத்து, முதலிலிருந்து இன்னொரு தொகுதி. இரண்டையும் தனித்தனியாக மாதிரியாக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கல் தேய்ந்திருக்க முடியாது. ஆகவே தெரியும் வித்தியாசம் முழுவதும் உங்கள் முறையின் பிழை. அது 0.3 மில்லிமீட்டர் என்று வந்தால், அடுத்த ஆண்டு 0.2 மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதாகக் கணினி காட்டுவதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் என்று காட்டினால் தைரியமாகச் சொல்லலாம். பல லட்ச ரூபாய் ஸ்கேனரோடு வந்து ஒரே ஒருமுறை எடுத்துப் போனவரிடம் இந்த எண் இருக்காது. உங்களிடம் இருக்கும். குறைந்த செலவில் செய்யும் வேலைக்கு மரியாதை இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்த ஆண்டுப் பதிவை இந்த ஆண்டுப் பதிவோடு பொருத்தும்போது, தேய்கிற முகத்தை வைத்துப் பொருத்தாதீர்கள். கல்லின் பின்புறம், பக்கவாட்டு விளிம்பு, அடிப்பகுதி என்று செதுக்கல் இல்லாத, ஆள் கை படாத இடங்களை வைத்துப் பொருத்துங்கள். அதற்காகவே பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம், திறந்த மூலம். மெஷ்ரூமில் முழு வேலையும் நடக்க என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். வந்த மாதிரியைப் பார்க்கவும் ஒளி மாற்றிப் பார்க்கவும் இத்தாலியின் பீசாவில் உருவான மெஷ்லேப். இரண்டு ஆண்டின் பதிவுகளை ஒப்பிட்டு, வித்தியாசத்தை நிறமாகக் காட்ட கிளவுட்கம்பேர். போனிலேயே எல்லாவற்றையும் முடித்துத் தரும் செயலிகளும் உண்டு. ஊர்க் கூட்டத்தில் காட்ட அவை நல்லவை. ஆனால் அவை கல்லின் ஓட்டையை எப்படி அடைத்தன, எங்கே வழவழப்பாக்கின என்று சொல்வதில்லை. படங்களிலிருந்து காட்சியை எண்ணற்ற மங்கலான வண்ணத் திட்டுகளாக அமைக்கும், இப்போது பரவலாகப் பேசப்படும் காஸியன் ஸ்பிளாட்டிங்கும் அப்படியே. பார்க்க உயிரோடு நிற்பது போல இருக்கும், அளக்க உறுதியான பரப்பு இருக்காது.

கண்ணுக்குத் தெரியாதது மாதிரியில் தெரியும் என்று சொல்வார்களே, அது எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். சீகூர்ப் பக்கத்தில், வனத்துறை அனுமதியோடு நான் பார்த்த ஒரு புலிகுத்திக் கல். நேரில் பார்த்தால் வெள்ளையும் சாம்பலும் ஆரஞ்சுமாகப் பாசித் திட்டுகள். வீரனின் இடுப்பு தெரிகிறது, தூக்கிய கை தெரிகிறது, புலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும். கணினியில் மாதிரியைத் திறந்து, மெஷ்லேபில் நிறத்தை அணைத்தோம். ஒரே சாம்பல் நிறத்தில் வடிவம் மட்டும் நின்றது. ஒளியை இடது பக்கத்திலிருந்து ஏறக்குறையப் பரப்போடு படுத்தவாறு விட்டதும், வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலியின் முதுகும், அதன் மேல் வளைந்து போகும் வாலும் வந்தன. வீரனின் குறுவாள் புலியின் கழுத்துக்கு நேராகப் போகும் கோடும் கிடைத்தது. கல்லில் அது எப்போதும் இருந்ததுதான். பாசியின் நிறம் கண்ணை வேறு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஆகவே, பாசி பிடித்த கல்லுக்கு நிறத்தை நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்.

ஆனால் பாசிக்கு அடியில் இருப்பதை எந்தப் போனும் பார்க்காது. கல்லோடு ஒட்டிப் படரும் லைக்கன் சில இடங்களில் எழுத்தின் பள்ளத்தையே நிரப்பிவிடும். மாதிரியில் வருவது பாசியின் மேற்பரப்பு. அதைச் சுரண்டிவிட்டு எடுக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். லைக்கனின் வேர் போன்ற இழைகள் கல்லின் துகள்களுக்கு இடையே இறங்கியிருக்கும். இழுத்தால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. கோயில்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யப் போய் கல்வெட்டுகள் மழுங்கியது தமிழ்நாட்டுக்குத் தெரியாத கதை அல்ல. எழுத்தும் உருவமும் படத்தில் தெரிய வேண்டுமென்று சாக்பீஸால் வரைவதும், கோதுமை மாவு தேய்ப்பதும் கூடாது. கல்லுக்குக் கெடுதல் என்பது ஒன்று. வரைந்தவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுதான் பிறகு எல்லோருக்கும் எழுத்தாகத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய கெடுதல். காய்ந்த இலையைக் கையால் எடுங்கள், தூசியை மென்மையான பிரஷால் தட்டுங்கள். அதற்கு மேல் எல்லாம் கல் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரின் வேலை.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெயும் தூசியும் புகையும் சேர்ந்து கறுப்புப் படலமாகி, பிறகு யாராவது அதைச் சுரண்டப் போய்த்தான் பல கற்கள் முகம் இழக்கின்றன. இருந்தாலும் அந்தக் கல் இத்தனை காலம் அங்கே நிற்பதற்குக் காரணம் அந்த வழிபாடு. கும்பிடாத கற்கள் பல இந்த மலையில் தோட்டத்துச் சுவரிலும் ரோட்டுக்கு அடியிலும் போய்விட்டன. ஊராரிடம் "எண்ணெய் தடவாதீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். கல்லின் மாதிரியை அவர்களுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். புலியின் வாலைக் காட்டுங்கள். விளக்கையும் எண்ணெயையும் கல்லுக்கு முன்னால் தனியாக ஒரு பீடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்தே வர இடம் கொடுங்கள்.

மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல், தேய்ந்துபோன எழுத்து என்றால் இன்னொரு முறை உண்டு. போனை முக்காலியில் அசையாமல் நிறுத்திவிட்டு, டார்ச்சை மட்டும் ஒவ்வொரு திசைக்கும் உயரத்துக்கும் நகர்த்தி 40, 50 படம் எடுப்பது. மென்பொருள் அவற்றைச் சேர்த்துத் தரும் ஒரே கோப்பில், திரையில் விரலை நகர்த்தினால் ஒளி நகரும். டாம் மால்ஸ்பெண்டரும் உடன் வேலை செய்தவர்களும் எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கி 2001-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. கிரேக்கத்தின் பழங்காலப் பல்சக்கர இயந்திரமான ஆன்டிகைத்தரா கருவியில் இருந்த எழுத்துகளைப் படிக்க 2005-இல் ஏதென்சுக்கு இதைக் கொண்டுபோனார்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மென்பொருளுக்குத் தெரிய, படத்துக்குள் ஒரு பளபளப்பான கறுப்புப் பந்து இருக்க வேண்டும். அதில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து அது கணக்கிடும். கறுப்பு ஸ்னூக்கர் பந்து இதற்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். விட்டம் 52.5 மில்லிமீட்டர் என்பதால் அளவும் தெரியும். ஸ்னூக்கர் விதிகளுக்கு வடிவம் கொடுத்த ஊர் ஊட்டி. இங்கே அந்தப் பந்துக்குப் பஞ்சம் இருக்காது. டார்ச் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எடுக்கும் பரப்பின் குறுக்களவைப் போல மூன்று மடங்கு நீளம் சரியாக வரும்.

இதற்கு இருட்டு வேண்டும், அதுதான் நம் ஊரில் தடை. சாயங்காலம் ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கும், கரடி வரும். சீகூர்ப் பக்கம் யானை. ஒரு கல்லுக்காக இரவில் யாரும் போகக் கூடாது. பகலிலேயே கல்லையும் முக்காலியையும் சேர்த்துக் கறுப்புத் தார்ப்பாயால் கூடாரம் போல மூடி, உள்ளே பிரகாசமான எல்இடி டார்ச்சோடு எடுக்கலாம். அது முடியாத இடத்தில், நெருங்கி எடுத்த போட்டோகிராமெட்ரி மாதிரியின் மேல் கணினியிலேயே ஒளியை நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நடுகற்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

பாறை ஓவியம் என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. கரிக்கையூரிலும் வெள்ளரிக்கொம்பை எழுத்துப்பாறையிலும் இருப்பவை பாறையின் மேல் படிந்த நிறம். அங்கே வடிவத்தால் ஒன்றும் வராது, நிறமே எல்லாம். அமெரிக்காவின் ஜான் ஹார்மன் 2005-இல் எழுதிய டிஸ்ட்ரெச் என்ற கருவி, செயற்கைக்கோள் படங்களுக்காக உருவான கணக்கு முறையைப் பாறை ஓவியத்துக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்கு வெறும் பாறையாகத் தெரியும் இடத்தில் மங்கிய காவிக் கோட்டை அது எழுப்பிக் காட்டும். அதற்குக் கொடுக்கும் படம் மட்டும் ராவாக இருக்க வேண்டும். சுருக்கிய ஜேபெக் படத்தில் சுருக்கத்தின் கட்டங்களையும் அது ஓவியம் போல எழுப்பிவிடும். நிற அட்டை ஒன்றையும் படத்தில் வையுங்கள். ஓவியம் தெளிவாகட்டும் என்று தண்ணீர் தெளிப்பதை எங்கே கண்டாலும் தடுங்கள். கரிக்கையூரில் ஊர் சுற்ற வந்தவர்கள் ஓவியத்தின் மேலேயே பெயர் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கிறுக்கலுக்கு முன் எடுத்த நல்ல படங்கள் யாரிடமாவது இருந்தால் அவை இன்று பொக்கிஷம். பழைய தேவாலயங்களிலும் பங்களாக்களிலும் தொங்கும் எண்ணெய் ஓவியங்களுக்குச் சாய்வொளியில் நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்தாலே, வண்ணம் எங்கே தூக்கிக்கொண்டு உதிரத் தயாராக இருக்கிறது என்று தெரிந்துவிடும். வார்னிஷ் பளபளத்தால் டார்ச்சிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக, பளபளப்பை வடிகட்டும் போலரைசர் தாள் ஒட்டினால் அடங்கும்.

அனுமதி. தேயிலைத் தோட்டம் யாருடையது, கல் யாருடைய கும்பிடு, இரண்டு பேரிடமும் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்லியல் துறை. தோடர் மந்தில் (குடியிருப்பில்) இருக்கும் கோயிலோ, குறும்பர் சடங்கு செய்யும் கல்திட்டையோ என்றால், அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆவணமாக்குகிறோம் என்பதால் நமக்கு உரிமை வந்துவிடாது. நம் மலையில் இதற்குப் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இங்குள்ள பழைய ஈமக் கற்குவைகளைத் தோண்டினார். அவர் இறந்த பின் 1873-இல் வெளியான அவருடைய நூலில் படங்களோடு எல்லாம் பதிவாகியிருக்கிறது. பதிவு அருமையானது, இன்றும் ஒப்பிட உதவுகிறது. ஆனால் தோண்டி எடுத்த பொருள்கள் மலையை விட்டு வெளியூர் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

மாதிரியை வெளியிடும்போது கல்லின் சரியான இடத்தைச் சொல்லாதீர்கள். போன் ஒவ்வொரு படத்திலும் ஜிபிஎஸ் எண்ணைத் தானாக எழுதிவைக்கும். உங்கள் மூலப்படத்தில் அது இருக்கட்டும், வெளியே போகும் பிரதியில் அழித்துவிடுங்கள். வட்டத்தின் பெயர் போதும். காவல் இல்லாத கல்லுக்கு வழி காட்டும் வரைபடத்தை நாமே அச்சடித்துக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, எதைப் பத்திரப்படுத்துவது. மாதிரியைவிட மூலப்படங்கள் முக்கியம். ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தகர்த்தார்கள். அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன், 1970-இல், ஆஸ்திரியாவின் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக் கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்களைக் கொண்டு, சூரிக்கின் ஆய்வாளர்கள் பெரிய புத்தரின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கினார்கள். அவர் எடுத்த காலத்தில் இந்த மென்பொருள் எதுவும் கிடையாது. ஒழுங்காக எடுத்த படங்கள் இருந்தன, அவ்வளவுதான். அதேபோல நீங்கள் இன்று எடுப்பதை நாளைய மென்பொருள் இன்னும் நன்றாகக் கணக்கிடும். ராவ் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதீர்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஒரு கல்லுக்குப் பல ஜிபி வரும். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், ஒன்று கல்லூரியில், ஒரு பிரதி இணையத்தில். மாதிரியைச் செயலியின் சொந்த வடிவத்தில் விடாமல் பிஎல்ஒய் அல்லது ஓபிஜே கோப்பாகவும் வையுங்கள். கூடவே ஒரு சாதாரணக் குறிப்பு: தேதி, வானிலை, எந்தப் போன், எந்த லென்ஸ், ஸ்கேலின் நீளம், யார் அனுமதி கொடுத்தார்கள், அன்றைய இரண்டு தொகுதிகளுக்கு இடையே வந்த பிழை எவ்வளவு.

கல்லில் எழுத்து இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மாதிரியோடு மாநிலத் தொல்லியல் துறையை அணுகுங்கள். அவர்கள் வந்து மைப்படி எடுப்பார்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, பிரஷால் தட்டி, மை தடவி எடுக்கும் அந்தப் பழைய முறை எழுத்துக்கு இன்றும் மிக நம்பகமானது. உதிரும் கல்லில் மட்டும் அது ஆபத்து. அங்கே உங்கள் மாதிரியிலிருந்தே படிக்கலாம் என்று நீங்கள் எடுத்துச் சொல்லலாம். மத்தியக் கல்வெட்டியல் அலுவலகம் 1966-இல் மைசூருக்குப் போகும்வரை பல ஆண்டுகள் ஊட்டியில்தான் இருந்தது. மைசூரில் சேர்ந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. கல் அழிந்துபோன இடங்களில் அந்தத் தாள்தான் இப்போது கல்வெட்டு.

முதலில் கல்லுக்குப் போகாமல், வீட்டு அம்மிக்கல்லில் பழகுங்கள். கொத்திய அம்மி என்றால் மிக நல்லது. பொளிந்த குழிகள் உங்கள் கல்லின் செதுக்கலைப் போலவே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். இரண்டு தொகுதி எடுத்து, மாதிரியாக்கி, கிளவுட்கம்பேரில் வித்தியாசம் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, தை மாதத்தில் நாள் குறித்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேலேயே நின்றால் அந்தப் படங்களையும் குறிப்பையும் சுருக்காமல் எனக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் சாய்ந்த சுற்று விட்டுப்போயிருக்கும், அல்லது ஃபோகஸ் பூட்டாமல் இருந்திருக்கும், பார்த்துச் சொல்கிறேன்.